நடுவில் அறுந்து போகக்கூடாது

பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டால் அக்காவால் தாங்க முடியாது. "அது வந்து, அன்னைக்கு..." என்று இழுத்துவிட்டு நாம் டீயைக் குடிக்கப் போனால், தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அன்னைக்கு?"

"ஒண்ணுமில்லக்கா, விடுங்க."

"விடுறதுக்கா ஆரம்பிச்ச? முடி."

முடித்த பிறகுதான் டம்ளரை எடுப்பார். அதற்குள் டீ ஆறிப்போய் ஆடை படிந்திருக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டி போகிற சாலையில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் நாங்கள் இரண்டு பேரும் ஆராய்ச்சி மாணவர்கள். அவர் எனக்கு மூன்று வயது மூத்தவர். பேகம்பூர்க்காரர். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், அப்படியே இருக்கட்டும்.

அவருடைய ஆராய்ச்சி என்னவென்று நான் முதல் நாளே கேட்டேன். கல்லூரிப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு டவரைக் காட்டினார்.

"நாம இப்ப இந்த டவர்கிட்டதான் பேசிக்கிட்டு இருக்கோம். செத்த நேரத்துல அடுத்த டவருக்குப் போயிருவோம். அப்படி மாறும்போது செல்லோட விலாசமே மாறிப்போகலாம். பழைய விலாசத்துக்கு வந்துக்கிட்டு இருந்த பேச்சு எங்க போகும்?"

"எங்க போகும்?"

"காத்துல போகும். அப்படிப் போகாம இருக்கணும்னா, கிளம்புறதுக்கு முன்னாடியே அடுத்த எடத்துல எடம் பிடிச்சு வச்சிரணும். பழைய எடத்துக்கு வந்து சேர்றதை அவங்க பத்திரமா வச்சிருந்து பின்னாடியே அனுப்பணும். அம்புட்டுதான் தம்பி. இதை எவ்வளவு சீக்கிரம் செய்யலாங்கிறதுதான் என் வேலை."

"கம்பெனிக்காரங்க இதையெல்லாம் எப்பவோ முடிச்சிட்டாங்களேக்கா?"

அக்கா தன் கைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தார். அவருடைய அத்தா எடுத்தார்; அப்பாவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அத்தா, எண்ணுங்க."

தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர் அவர். பேகம்பூர் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தார். அக்கா செல்லைக் காதோடு ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பேருந்து காந்திகிராமத்தைத் தாண்டியது. கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறந்தார்.

"அத்தா, நாப்பத்தாறுக்கு அப்புறம் நாப்பத்தொம்பதுதான் வந்துச்சு."

"நான் ஒழுங்காத்தான்மா எண்ணுனேன்!" என்று அந்தப் பக்கம் கோபமாகக் கேட்டது.

"நீங்க எண்ணுனீங்கத்தா. வர்ற வழியில காணாமப் போச்சு."

தினமும் இது நடந்தது. பேருந்தில் இருந்த பெண்கள் சிரிப்பார்கள். டிரைவர் அண்ணன்கூட, "என்னம்மா, இன்னிக்கு எம்புட்டுப் போச்சு?" என்று கேட்பார். வேடிக்கைக்குத்தான் அக்கா இப்படிச் செய்கிறார் என்று நான் முதலில் நினைத்தேன். கல்லூரியில் அளப்பதற்கு மென்பொருள் இருந்தது. காணாமல் போனதை அது கோடு கோடாகப் போட்டுக் காட்டும். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அக்கா வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அத்தா எண்ணிய ஓர் எண் தனக்கு வந்து சேரவில்லை என்றால் மட்டும் அன்று முழுக்க முகம் சுண்டிக் கிடக்கும்.

லேப் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை அவர் தனக்கென்று வைத்திருந்தார். செல் எங்கே நகர்ந்தாலும், எந்த டவரைப் பிடித்தாலும், வைஃபையிலிருந்து வெளியே வந்தாலும், வெளியுலகத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரின் விலாசம்தான் தெரியும். அது வாங்கி, செல் இருக்கிற இடத்துக்கு அனுப்பும். இரண்டு சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டியும் செய்திருந்தார். ஒன்று பலவீனமாகிறது என்று தெரிந்ததுமே மற்றொன்றைத் தயார் செய்துகொள்ளும். தோளில் மாட்டும் பையில் அடங்கிவிடும். வழிகாட்டிப் பேராசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்மா இருக்கு. ஆனா இதை யாருக்குப் பயன்படுத்தப்போற?" என்று கேட்டார். அக்கா அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கே தெரிந்திருக்காது.

அவருடைய அத்தா ஒரு வெள்ளிக்கிழமை காலை இறந்துபோனார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிடுவதற்குள் முடிந்துவிட்டது.

நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். உள்ளே பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். அக்கா அழவில்லை. என்னைப் பார்த்ததும் வாசலுக்கு வந்து, "பை கொண்டு வந்தியா?" என்றார். காலையில் போன் செய்தபோதே லேப்பிலிருந்து அதை எடுத்து வரச் சொல்லியிருந்தார்.

அவருடைய அண்ணன் சவூதியில் இருந்தார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடியில் அடக்கம் என்று முடிவாகியிருந்தது. எந்த விமானம் பிடித்தாலும் அவரால் வந்து சேர முடியாது.

"அண்ணன் பாக்கணும்" என்றார் அக்கா. "வீட்டுல இருந்து மையவாடி வரைக்கும். மண்ணு போடுற வரைக்கும். நடுவுல ஒரு செகண்டு நின்னாலும் அந்த செகண்டுலதான் முகத்தை மூடுவாங்க. அந்த செகண்டுலதான் இறக்குவாங்க. நான் அங்க வர முடியாது. பொம்பளைங்க போறதில்ல. நீ கொண்டு போறியா?"

பையை மாட்டிக்கொண்டேன். செல்லை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன். வீட்டு வைஃபையில் படம் போய்க்கொண்டிருந்தது. உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கியதும் நானும் கூடவே வாசலைத் தாண்டினேன். அந்த வாசல்தான் கஷ்டமான இடம் என்று எனக்குத் தெரியும். வைஃபையை விட்டு டவருக்கு மாறுகிற இடம். சாதாரணமாக வீடியோ காலில் பேசிக்கொண்டே தெருவில் இறங்கினால் படம் உறைந்து நிற்குமே, அந்த இடம். என் காதில் மாட்டியிருந்த கருவியில் அவர் அண்ணன் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டினேன். அழுகை நிற்கவில்லை. தெருமுனை திரும்பினேன். அப்போதும் நிற்கவில்லை. யார் வீட்டு அழுகையையோ கேட்டு என் மனம் ஆறுதல் அடைந்தது அன்றைக்குத்தான்.

மையவாடியில் ஆட்கள் எனக்கு வழிவிட்டார்கள். குழிக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்தார்கள். ஆளாளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். அண்ணன் காதுக்குள் சொன்னார், "தம்பி, எனக்காக நீங்க போடுவீங்களா?" போட்டேன்.

திரும்பி வந்தபோது அக்கா கதவுக்குப் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்கேயும் அறுந்து போகல" என்றார். பிறகு, "நானும் முழுசாப் பாத்துட்டேன் தம்பி" என்று சொல்லி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்.

அதன் பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் அடுத்த தெருவில் ஒரு வீடு; மகன் மஸ்கட்டில். பிறகு பிரியாணிக்கடைக்காரரின் மாமியார். இரண்டு மகள்கள் மலேசியாவில். பிள்ளைகள் எல்லாம் எங்கெங்கோ இருக்கிற காலம். யார் வீட்டில் சாவு, மவுத் என்று செய்தி வந்தாலும் ஜனாஸா தூக்குவதற்கு முன் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நான் பையோடு போவேன். நான் இல்லாவிட்டால் அந்தந்த வீட்டுப் பையன் யாராவது எடுத்துப்போவான். அக்கா ஒவ்வொரு தெருவையும் முன்கூட்டியே நடந்து பார்த்து, எந்த மூலையில் எந்த டவர் பலவீனம் என்று மனதில் வைத்துக்கொண்டார். கொரோனா வந்தபோது ஒரே நாளில் இரண்டு வீடுகளுக்குக்கூடப் போக வேண்டியிருந்தது. அப்போது திண்டுக்கல்லிலேயே இருந்த பிள்ளைகள்கூடத் தங்கள் பெற்றோரை அந்தப் பெட்டி வழியாகத்தான் பார்த்தார்கள்.

ஆராய்ச்சி அப்படியே நின்றுபோயிருந்தது. நான் கேட்டால், "எழுதிரலாம், எழுதிரலாம்" என்பார்.

அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு வரன் பேசினார்கள். பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். பிறகு வரவே இல்லை. தெருவில் யாரோ, "அந்த மவுத் வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஒரு நாள் நானே கண்ணால் பார்த்தேன். அவர்கள் தெருவிலேயே ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தம்பி குவைத்தில் இருந்தான். அக்காவே முன்வந்து, நிக்காஹ்வை அவனுக்குக் காட்டலாம் என்று பையை எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். மண்டப வாசலில் மணப்பெண்ணின் குப்பி, அவள் அத்தாவின் தங்கை, நின்றிருந்தார். அக்காவின் தோளில் இருந்த பையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நீ வாம்மா, சாப்டுட்டுப் போ. அது எதுக்கு? அதை வெளிய வச்சிட்டு வா."

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான். அக்கா சாப்பிடாமல் திரும்பிவிட்டார். தெருவைத் தாண்டியதும் சொன்னார்.

"தப்பில்ல தம்பி. நான் வந்தா அவங்களுக்கு மையித்துதான் ஞாபகம் வரும்."

"விட்டுருங்களேன்க்கா. நீங்க ஏன் இதைச் செய்யணும்?"

"ஒரு மகன் பாக்க ஆசைப்படுறான். என்கிட்ட வழி இருக்கு. எப்படி விடுறது?"

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்களுக்குக் கன்னிவாடி. மலையடிவாரத்தில் தென்னந்தோப்பும் கொஞ்சம் கத்திரித் தோட்டமும். என் பெரியப்பாவுக்கு ஒரே மகன். என்னை விட ஏழெட்டு வயது மூத்த அண்ணன். கனடாவில் இருந்தான். மார்கழியில் பெரியப்பா கீழே விழுந்து, படுத்து, ஒரு வாரத்தில் போய்விட்டார். அண்ணன் டிக்கெட்டுக்கு அலைந்தான். அங்கே பனி, விமானங்கள் ரத்து. வைத்திருக்க முடியாது, எடுத்துவிடலாம் என்று பங்காளிகள் சொன்னார்கள். கொள்ளி வைக்க நான் என்று முடிவானது.

அக்காவைக் கூப்பிட்டேன். அவர் மதியமே வந்துவிட்டார். வந்ததும் பெரியம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, வீட்டிலிருந்து சுடுகாடு வரை தனியாக வெயிலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"தோப்புக்குள்ள ஒரு பள்ளம் இருக்குல்ல, அங்க ரெண்டு சிம்முமே தடுமாறுது. மெதுவா நடக்கச் சொல்லு. பையை யாரு எடுக்குறது? நீதான் கொள்ளிச்சட்டி தூக்கணுமே."

நான் தம்பி முறையுள்ள ஒருவனைக் காட்டினேன். அக்கா அவனைப் பார்த்தார். அவன் குடித்திருந்தான்.

"நானே எடுக்குறேன்" என்றார்.

ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அதிலும் வேறு சமயத்துப் பெண். பெரியம்மாதான் அழுகைக்கு நடுவில் தலையைத் தூக்கி, "ஏலே, என் மகன் கண்ணுடா அது. போகட்டும், விடுங்க" என்றார். முணுமுணுத்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

நான் ஈர வேட்டியோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அக்கா எனக்குப் பின்னால், பாடைக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். வீட்டிலிருந்து எடுக்கும்போது அண்ணன் திரையில் இருந்தான். நானே பார்த்தேன். மேசைக்கு முன்னால் நாற்காலியில், கறுப்பு ஸ்வெட்டரோடு, முகமெல்லாம் வீங்கிப்போய். அங்கே அப்போதுதான் விடிகிற நேரம். "ப்பா, ப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

தோப்புப் பள்ளத்தில் எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். சுடுகாட்டில் குடம் உடைத்து முடிந்தது. கொள்ளியை என் கையில் கொடுத்துவிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார், "அப்பு, பெத்த மகன் அங்க பாத்துக்கிட்டு இருக்கான். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வைப்பா."

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். "அண்ணே, வைக்கவா?" என்று சத்தமாகக் கேட்டேன்.

அக்கா செல்லின் திரை தன் பக்கமும் கேமரா சிதையின் பக்கமும் இருக்கும்படி நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தார். காதில் கருவி. என்னைப் பார்த்தார். ஒரு நொடி தயங்கினார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க தம்பி. வைக்கச் சொல்றாங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தேன்.

வீடு திரும்பியதும் பெரியம்மா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, என் மகன் பாத்தானாத்தா? கடைசி வரைக்கும் பாத்தானா?"

"பாத்தாரும்மா. முழுசாப் பாத்தாரு. நடுவுல எங்கேயும் நிக்கல."

"நீ நல்லா இருப்ப" என்று பெரியம்மா அவர் கன்னத்தைத் தடவினார்.

நான் அக்காவைப் பேருந்து நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனேன். எனக்குத் தலை மழித்திருந்தது. குளித்த ஈரம் குளிரில் ஊசியாகக் குத்தியது. அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துதான் அக்கா சொன்னார்.

"தம்பி, உன்கிட்ட மறைக்கக் கூடாது. தோப்புக்குள்ள நுழையும்போதே அந்த நாற்காலி காலியாயிருச்சு."

எனக்குப் புரியவில்லை. "படம் நின்னுபோச்சாக்கா?"

"படம் நிக்கல. ஒரு துளிகூடக் காணாமப் போகல. இதுவரைக்கும் செஞ்சதுலயே இதுதான் சுத்தமாப் போச்சு. அந்தப் பக்கம் ஆளைத்தான் காணோம். மைக்கு ஆன்லதான் இருந்துச்சு. ஏதோ மிஷின் ஓடுற சத்தம். ஒரு இருமல்கூடக் கேக்கல. இப்ப வருவாரு, இப்ப வருவாருன்னு பாத்தேன். நீ கேட்டப்ப என்ன சொல்றதுன்னு தெரியல."

பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கவில்லை.

அதோடு சரி. அடுத்த வாரம் லேப்புக்குப் போனேன். மூலையில் அந்தக் கம்ப்யூட்டர் நிறுத்தப்பட்டுக் கிடந்தது. பேகம்பூரில் யாரோ இறந்தபோது கதவைத் தட்டியிருக்கிறார்கள். முடியாது என்று அக்கா சொல்லியிருக்கிறார். தெருவில் கோபித்துக்கொண்டார்கள். முன்பு பார்த்து ஒதுங்கியவர்களே, "ஏன் வரமாட்டேங்குறா?" என்று கேட்டார்கள். ஆராய்ச்சியையும் முடிக்கவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு மதுரைப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போன் எண்ணும் மாறியிருந்தது.

அண்ணனிடம் நான் எதையும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? இரண்டு வருஷம் கழித்து அவன் ஊருக்கு வந்தான். வருகிறவர்களிடம் எல்லாம் பெரியம்மா, "கடைசி வரைக்கும் பாத்தான் என் மகன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு எரிந்தது. ஒரு சாயங்காலம் தோப்பில் வரப்பு மேல் உட்கார்ந்திருந்தபோது அவனே ஆரம்பித்தான்.

"அன்னைக்கு என்னால நாற்காலில உக்கார முடியலடா. கீழ, மேசைக்கு அடியில, தரையில உக்காந்துட்டேன். சத்தம் மட்டும்தான் கேட்டேன். நீ 'வைக்கவா'ன்னு கேட்டியே, அது கேட்டுச்சு. பக்கத்து ரூம்ல பிள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு. துண்டை வாயில வச்சு அழுத்திக்கிட்டேன். பதில் சொல்ல வரல."

அவன் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பெரியம்மா சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவனே அப்படி நம்பத் தொடங்கியிருக்கலாம். ஆனால் மேசைக்கு அடியில் எவ்வளவு இடம் இருந்தது என்று கையை விரித்துக் காட்டினான்.

அக்காவைத் தேடினேன். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருப்பதாகத் தெரிந்தது. மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தேன். வராந்தாவில் வந்து நின்றார். இளைத்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். தலைவாசலைப் பார்த்தபடியே நான் சொன்னதை எல்லாம் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட, "அப்புறம்?" என்று கேட்கவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

"துண்டை வாயில வச்சுக்கிட்டா?" என்றார் கடைசியில்.

"ஆமாக்கா. பிள்ள தூங்குச்சாம்."

அவர் யோசித்தார். அந்த மிஷின் சத்தத்தை மறுபடியும் காதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"இருக்கலாம்" என்றார். "அப்ப நான் உங்க பெரியம்மாகிட்ட சொன்னது முழுப் பொய் இல்லையோ என்னமோ."

"பொய் இல்லக்கா. திரும்ப ஆரம்பிக்கலாமேக்கா. இன்னைக்கும் பேகம்பூர்ல கேக்குறாங்க."

தலையை ஆட்டினார். மாட்டேன் என்பதற்கு.

"எங்க அத்தா மண்ணுக்குள்ள போனதை நான் கதவுக்குப் பின்னாடி இருந்துதான் பாத்தேன். உங்க பெரியப்பாவுக்குத்தான் முதல் தடவையா நேர்ல போனேன். பக்கத்துலயே நின்னேன். ஆனா தீ வச்சதை நான் பாக்கவே இல்ல தம்பி. தீ எரிஞ்சு மேல வர்ற வரைக்கும் செல்லுல அந்தக் காலி நாற்காலியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மணி அடித்தது. பிள்ளைகள் வராந்தாவில் ஓடினார்கள். "சாப்டுட்டுத்தானே வந்த?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வகுப்புக்குள் போய்விட்டார்.